புதுசு என்று சொல்லி மாட்டிய ஆல்டர்னேட்டர்

கண்ணு,

நீ டொரன்டோவுக்குக் கிளம்ப இன்னும் பதினோரு நாள்தான் இருக்கிறது என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீயாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாலு மாதமாக நமக்குள் நடக்கும் பேச்செல்லாம் "சாப்பிட்டியா", "பார்க்கிங் கிடைச்சுதா" என்ற அளவோடு நின்றுவிடுகிறது. சனிக்கிழமை வருகிறாய், அம்மா வைப்பதைச் சாப்பிடுகிறாய், நான் டிவியிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. நீ போய்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் ஜன்னலுக்குப் போய், உன் கார் முவைலா சிக்னலில் திரும்பும் வரை நின்று பார்க்கிறேன். இதை நேரில் பேச எனக்கு வராது. ஆரம்பித்தால் கத்திவிடுவேன். நான் கத்தினால் நீ இங்கிலீஷுக்கு மாறிவிடுவாய், அதன்பிறகு நான் சொல்வது எதுவும் உனக்குள் போகாது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதிப் பழக்கமில்லாதவன் எழுதுவது, முன்னே பின்னே இருக்கும்.

துரை அங்கிளும் நானும் அந்த விமானத்தைக் கட்டத் தொடங்கியபோது நீ காலேஜில் இரண்டாம் வருடம். ஜெபல் அலியில் பைப் செய்யும் ஃபேக்டரியில் எனக்கு எலக்ட்ரிகல் டூட்டி, அவனுக்கு மெக்கானிகல். தூத்துக்குடிக்காரன், குடும்பம் ஊரில், தனி ரூம். பதினேழு வருடம் வாரத்துக்கு ஒரு வேளையாவது நம் வீட்டில்தான் சாப்பிட்டான். "நாம ரெண்டு பேரும் சேந்தா கப்பலே கட்டலாம் வே" என்பான். கப்பலுக்குப் பதில் விமானம் கட்டினோம். பெட்டி பெட்டியாகப் பாகங்கள் வந்தன. ஷார்ஜாவில் ஒரு ஷெட் எடுத்து, லீவு நாளெல்லாம் அதிலேயே கிடந்து, ஐந்து வருடத்தில் இரண்டு பேர் உட்காரும் ஒரு சின்ன விமானமாக அது எழுந்து நின்றது. அதற்குள் நாங்கள் இருவரும் ஓட்டக் கற்று லைசென்ஸும் எடுத்துவிட்டோம். ஒருவன் ரிவெட் அடித்தால் மற்றவன் உள்பக்கம் இரும்புக் கட்டையைப் பிடிக்க வேண்டும். பிடிப்பவன் கை அசைந்தால் தகடு கெட்டுவிடும். அவன் பிடித்தபோது நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அவன் மேல் எனக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

அம்மா மட்டும் அதில் ஏற மறுத்துவிட்டாள். "ரெண்டு பேரு ஸ்பேனர் வெச்சு முடுக்குனதுல நான் ஏறி உக்காரமாட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லித் தள்ளிப்போட்டாள். நானும் வற்புறுத்தவில்லை. எங்கள் முப்பதாவது கல்யாண நாள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒருநாள் காலை காபி கொடுக்கும்போது, "அந்த மலைக்கு அந்தப் பக்கம் கடல் தெரியும்னு சொல்லுவீங்களே, ஒருக்கா காட்டுங்க" என்றாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். உனக்கும் துரைக்கும் அப்போதே போன் போட்டேன். நீ போனிலேயே விசிலடித்தாய்.

அந்த மாதம்தான் ஆல்டர்னேட்டர் போயிற்று. இன்ஜின் சுற்றும்போது பெல்ட் வழியாகச் சுற்றி, மின்சாரம் செய்து பேட்டரியை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டிய சாமான் அது. காரில் போனால் ஓரமாக நிறுத்திவிடலாம். நம் விமானத்தில் இக்னிஷனும் பெட்ரோல் பம்பும் கரண்டில்தான் ஓடுகின்றன. ஆல்டர்னேட்டர் இல்லையென்றால் பேட்டரியில் இருக்கும் சரக்கு தீரும் வரைதான் இன்ஜினுக்கு உயிர். தரையில் ஓட்டிப் பார்த்தபோதே மீட்டர் ஏறவில்லை என்பது தெரிந்ததால், அமெரிக்காவிலிருந்து புதியதற்கு ஆர்டர் போட்டேன். அதற்குள் கோயம்புத்தூரில் பெரியப்பாவுக்கு ஆபரேஷன் என்று போன் வந்தது, இரண்டு வாரம் போய்விட்டேன். நான் அங்கே ஆஸ்பத்திரி வராந்தாவில் இருக்கும்போது துரை கூப்பிட்டான். "புதுசு வந்துட்டு வே. மாட்டியாச்சு. நானே நாப்பது நிமிசம் மேல போயி ஓட்டிப் பாத்துட்டேன், சும்மா கிண்ணுனு இருக்கு." ஒரு படமும் அனுப்பினான். பளபளவென்று இருந்தது. அந்தப் படத்தை ஐசியூவிலிருந்து வெளியே வந்த பெரியப்பாவிடம்கூடக் காட்டினேன். அந்த அளவுக்குச் சந்தோஷம் எனக்கு.

திரும்பி வந்த மறு சனிக்கிழமை புஜைராவுக்குக் கிளம்பினோம், அம்மாவும் நானும் விமானத்தில், நீயும் துரையும் பின்னால் காரில். அந்தக் காலை உனக்கும் நினைவிருக்கும். அம்மா நீலச் சுடிதார் போட்டு, மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஹெட்செட் மாட்டினால் பூ நசுங்குமே என்று துரை கிண்டல் செய்தான். நீ ஏணி மாதிரிக் கையைக் கொடுத்து அவளை இறக்கை மேல் ஏற்றிவிட்டாய். நான் இன்ஜினைப் போடுவதற்கு முன் உங்கள் இருவரையும் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினேன். நீங்கள் இருவரும் திருப்பிக் காட்டினீர்கள். அந்த இரண்டு கட்டைவிரலைத்தான் நாலு மாதமாக நான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மணல் முடிந்து மலை ஆரம்பித்தது. கீழே வாதி என்கிற வறண்ட ஆற்றுப் பள்ளத்தில் ஈச்ச மரங்கள் தெரிந்தபோது அம்மா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்டு வந்தாள். மசாஃபி ஊரைத் தாண்டும்போது ஹெட்செட்டில் என் குரலே எனக்குக் கரகரத்தது. முன்னாலிருந்த திரை ஒரு தடவை மங்கி, திரும்ப வந்தது. வோல்ட் மீட்டரைப் பார்த்தேன். பதினாலில் நிற்க வேண்டியது பதினொன்றரையில் நின்றது. எவ்வளவு நேரமாக அப்படி இருக்கிறதென்று தெரியவில்லை. திரும்பினால் இருபது நிமிடம், முன்னால் போனால் புஜைரா பத்து நிமிடம், நடுவில் முழுக்கப் பாறை. டவரில் ஒரே தடவை பேசி விஷயத்தைச் சொல்லிவிட்டு, ரேடியோ, திரை, விளக்கு என்று அணைக்க முடிந்ததையெல்லாம் அணைத்தேன். ஹெட்செட்டும் செத்துவிட்டது. அம்மா என் தோளைத் தட்டி, "என்னாச்சுங்க?" என்று கத்தினாள். "ஒண்ணுமில்ல, சத்தமில்லாம நீ கடலைப் பாக்கட்டும்னுதான்" என்று நானும் கத்தினேன். அவள் தலையாட்டினாள். கடலைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி உன்னிடம் நான் இதுவரை பேசியதில்லை. இன்ஜின் எப்போது இருமும் என்று காதைத் தீட்டிக்கொண்டு, இறங்க ஒரு சமதளம் கிடைக்குமா என்று கீழே பார்த்துக்கொண்டே போனேன். ஓரிடத்திலும் கிடைக்கவில்லை. மலை இறங்கி, எண்ணெய்த் தொட்டிகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன, ஓடுபாதை தெரிந்தது. சக்கரம் தரையைத் தொட்டு, வேகம் குறைந்து, ஓரத்துக்குத் திரும்பும்போது இன்ஜின் இரண்டு தடவை விக்கித் தானாக நின்றது. சாவியில் நான் கையே வைக்கவில்லை. அம்மா சாவகாசமாக, "வந்துட்டமா?" என்றாள். "வந்துட்டோம்" என்றேன். என் முகத்தை அவள் பார்க்கக் கூடாதென்று மேப்பை எடுத்து மடியில் விரித்துக் குனிந்துகொண்டேன்.

அங்கே ஹாங்கரில் ஒரு பாகிஸ்தான் பட்டாணி மெக்கானிக் இருந்தார், வெள்ளைத் தாடி, பெயரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அம்மாவை ஆபீஸில் ஏசியில் உட்கார வைத்துவிட்டு, அவரிடம் டூல்ஸ் வாங்கி மூடியைக் கழற்றினேன். புது சாமான் எப்படி இரண்டு வாரத்தில் போகும் என்று புலம்பிக்கொண்டே கழற்றினேன். அவர் டார்ச்சை அடித்து எட்டிப் பார்த்தார். "பாய், யே நயா நஹி ஹை" என்றார். புதுசில்லையாம். போல்ட் தலையில் பழைய எண்ணெய்க் கறை, அதற்கு மேல் ஸ்ப்ரே பெயின்ட். நான் அடிப்பக்கம் விரலை விட்டுத் தடவினேன். முதன்முதலில் பொருத்தியபோது அடையாளத்துக்காக நானே சென்டர் பஞ்ச் ஆணியால் தட்டிய இரண்டு புள்ளி விரலில் பட்டது. அதே பழைய சாமான். உள்ளே உரசித் தேயும் கார்பன் பிரஷ் மட்டும் மாற்றி, ஒயர் விட்டுப்போன இடத்தில் ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். அந்த ஈயம் சூட்டில் இளகி விட்டுவிட்டது.

நீயும் துரையும் காரில் வந்து சேர்ந்தபோது நான் கழற்றியதைத் துணிமேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். துரை அதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"புதுசு எங்கடா?" என்று கேட்டேன்.

"கஸ்டம்ஸ்ல நிக்கி வே. ஏதோ பேப்பர் கேக்காங்க."

"மாட்டியாச்சுன்னு சொன்னே."

"எனக்கு விசா கேன்சல் ஆகுது வே. இன்னும் இருபத்தாறு நாள்தான். கம்பெனில கழட்டி விட்டுட்டானுக. உங்கிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியல. போறதுக்குள்ள ஒருதடவ, நம்ம கட்டுனத நானே மேல கொண்டுபோயி ஓட்டிப் பாத்துரணும்னு இருந்துச்சு. நல்லாத்தான் பத்தவச்சேன். புதுசு வந்ததும் சத்தமில்லாம மாத்திரலாம்னு நெனச்சேன்."

"நீ ஓட்டினே, சரி. இன்னிக்கு இவளை ஏத்தும்போது ஏன்டா சொல்லலை?"

அவன் உன்னைப் பார்த்தான். பிறகுதான், "தம்பிக்கும் தெரியும் வே. அவன்தான் பிரஷ் வாங்கிட்டு வந்தான்" என்றான்.

நீ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நான் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நீ சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்: "ஐ டிட்ன்ட் வான்ட் டு கெட் இன் பிட்வீன், அப்பா." எங்கள் இருவருக்கு நடுவில் வர விரும்பவில்லையாம். உன் அம்மாவை நீயே கைகொடுத்து ஏற்றிவிட்டாயே கண்ணு. நடுவில் வராமல் அதை எப்படிச் செய்தாய்?

துரை செய்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் எனக்குப் புரிகிறது. முப்பது வருடம் இந்த ஊரில் உழைத்தவனை ஒரு காகிதத்தில் கலாஸ் என்று முடித்துவிட்டார்கள். அந்தத் தலைச்சூட்டில் ஒன்றைச் செய்தான், பிறகு அதை மறைக்க இன்னொன்று செய்தான். அவன் ஊருக்குப் போகும் முன் நம் பில்டிங் கீழே வந்து நின்று கூப்பிட்டான். நான் இறங்கிப் போகவில்லை. ஏர்போர்ட்டுக்கும் போகவில்லை. தூத்துக்குடி நம்பரிலிருந்து இப்போதும் போன் வருகிறது, எடுப்பதில்லை. பதினேழு வருடம் என் தட்டுக்குப் பக்கத்தில் தட்டு வைத்தவன் என்னை ஏமாற்றினான் என்பது கல்லால் அடித்த மாதிரி. வலி இந்த இடத்தில் என்று காட்டிவிடலாம். நீ செய்தது அப்படியில்லை. நீ ஒரு பொய்யும் சொல்லவில்லை. வாயைத் திறக்கவேயில்லை, கட்டைவிரலை மட்டும் காட்டினாய். எங்கே வலிக்கிறதென்று எனக்கே பிடிபடவில்லை. சாப்பிடும்போது வலிக்கிறது, உன் சின்ன வயசு போட்டோவைப் பார்த்தால் வலிக்கிறது.

புது ஆல்டர்னேட்டர் கஸ்டம்ஸிலிருந்து வந்ததும் நான் தனியாகத்தான் மாட்டினேன். விமானம் புஜைராவிலேயே நின்றதால் மூன்று சனிக்கிழமை மலை தாண்டிக் காரில் போய் வந்தேன். பெல்ட்டை மாற்ற முன்னாலிருக்கும் புரொப்பெல்லரைக் கழற்ற வேண்டும், அது ஒரு ஆள் செய்கிற வேலை இல்லை. அந்தத் தாடிக்காரப் பெரியவர் வந்து பிடித்தார். பிடித்துக்கொண்டே, "தும்ஹாரா பார்ட்னர் கிதர் ஹை?" என்று கேட்டார், உன் கூட்டாளி எங்கே என்று. "மாஃபி", இல்லை என்று சொல்லிவிட்டு போல்ட்டைத் திருகினேன். பெல்ட்டை இழுவை பார்த்து இறுக்கி, பழைய ஒயர் முனையை வெட்டிப் புது முனையை இடுக்கியால் நெரித்துக் கிரிம்ப் செய்து, ஒவ்வொரு போல்ட்டும் அதிர்வில் கழலாமலிருக்கக் கம்பி முறுக்கினேன். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். முன்பெல்லாம் ஒருவன் முடுக்கியதை மற்றவன் பார்ப்போம். இப்போது என் வேலையை நானே பார்க்க வேண்டியிருந்தது. இன்ஜினைப் போட்டேன். மீட்டர் பதினாலுக்கு ஏறி அசையாமல் நின்றது. அதைக் காட்ட ஆளில்லை.

அந்த மூன்று சனிக்கிழமையில்தான் என் பங்கையும் யோசிக்க நேரம் கிடைத்தது. உனக்கும் துரைக்கும் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். கரண்டு குறைந்தால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு ஒன்று முன்பலகையில் உண்டு. முதல் பழுதுக்கு இரண்டு மாதம் முன்பே அது மினுக் மினுக்கென்று அடிக்க ஆரம்பித்தது. ஒயர் லூஸாக இருக்கும் என்று நானே முடிவு கட்டி, எரிச்சலில் அதன்மேல் கருப்பு டேப் ஒட்டினேன். பிறகு பார்க்கலாம் என்று விட்டேன், மறந்தும் போனேன். அன்று மலை வருவதற்கு முன்பே அந்த விளக்கு எரியத் தொடங்கியிருக்கும். டேப் இல்லாவிட்டால் மணல்மேல் பறக்கும்போதே தெரிந்து திரும்பியிருப்பேன். புஜைராவில் ஃபயர் வண்டி பக்கத்தில் வருவதற்குள் நான் முதலில் செய்த வேலை என்ன தெரியுமா? அந்த டேப்பை உரித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அதற்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் உன்னையும் துரையையும் நிறுத்தி வைத்து விசாரித்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உனக்குப் பதினொரு வயது. எமிரேட்ஸ் ரோட்டில் போன் பார்த்துக்கொண்டே போய் முன்னால் நின்ற பிக்கப்பில் இடித்தேன். பின்சீட்டில் உன் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. ஐஸ் வாங்கி ஒத்திவிட்டு, "அம்மாகிட்ட பார்க்கிங்ல யாரோ இடிச்சுட்டாங்கன்னு சொல்லலாம், அவ பயந்துக்குவா" என்றேன். நீ எவ்வளவு அழகாகச் சொன்னாய்! சீட் கம்பியில் உதடு பட்டதென்று உன் சொந்தச் சரக்கையும் சேர்த்தாய். அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் உன்னைப் பார்த்துக் கண்ணடித்தேன். என் பையன் என் பக்கம் என்று அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. நீ அம்மாவுக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் அன்று காலை நாங்கள் கிளம்பும்போது வாயை மூடியிருப்பாய். அவளுடைய நாளைக் கெடுக்க வேண்டாம் என்று. அந்த நினைப்பை உனக்குள் வைத்தவன் நான். இதைச் சொல்வதால் உன்மேல் உள்ள கோபம் குறைந்துவிட்டதென்று எண்ணாதே. உனக்கு இப்போது இருபத்தேழு வயது, பதினொன்று இல்லை.

டொரன்டோவில் உனக்கு வேலை, நாளைக்கு ஒரு குடும்பம், உன்னை நம்பி உட்காரும் ஆட்கள் என்று எல்லாம் வரும். தெரிந்ததை இன்ஜின் போடுவதற்கு முன் சொல்லிவிடு. நாள் கெட்டுப்போகட்டும், ஆசையாக வந்தவர்கள் முகம் சுருங்கட்டும், கூட இருப்பவன் உன்னைக் காட்டிக்கொடுத்தவன் என்று திட்டட்டும். ஒரு வாரத்தில் சரியாகிவிடும். இது சரியாகவில்லை, பார்.

அம்மாவிடம் நான் "ஆல்டர்னேட்டர் கெட்டுப்போச்சு, மாத்திட்டேன்" என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். பழையதைப் புதுசென்று மாட்டியதையும், உனக்குத் தெரியும் என்பதையும், டேப்பையும் சொல்லவில்லை. நீ அவளுடைய பிள்ளை, அவள் மனசு ஒடிந்துவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். நேற்று இதுவரை எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தபோதுதான், உனக்கு இவ்வளவு புத்தி சொல்லிவிட்டு நான் செய்துகொண்டிருப்பது என்ன என்று உறைத்தது. இன்று காலை அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது இந்தத் தாள்களை அவள் முன்னால் வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டு, மெதுவாக முழுக்கப் படித்தாள். டேப் விஷயம் வந்த இடத்தில் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தாள். முடித்ததும் தாள்களைத் தட்டி அடுக்கி வைத்தாள்.

"டேப்பு எனக்குத் தெரியாதுங்க" என்றாள். "மத்ததெல்லாம் தெரியும். அன்னைக்கு உங்களுக்கு டீ எடுத்துக்கிட்டு ஹாங்கர் வாசலுக்கு வந்தேன். துரை அண்ணன் தம்பிக்கும் தெரியும்னு சொன்னது காதுல விழுந்துச்சு. அப்படியே திரும்பிப் போயி உக்காந்துட்டேன்."

"நாலு மாசமா ஏன் கேக்கலை?" என்றேன்.

"விமானத்துக்குள்ள உக்காந்திருந்தது நானுங்க. நீங்களா சொல்லுவீங்களா, அவனா சொல்லுவானான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வாராவாரம் சோறு போட்டுட்டு எதுத்தாப்புல உக்காந்தேன். ரெண்டு பேரும் தட்டைப் பாத்துச் சாப்பிட்டுட்டு எந்திரிச்சுப் போனீங்க."

சொல்லிவிட்டு அவள் கீரையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். நாலு மாதமாக ஏமாற்றப்பட்டவன் நான் என்று நினைத்து, நான் ஒருவன் மட்டும் என்று நினைத்து, இவ்வளவு பக்கம் எழுதியிருக்கிறேன்.

சனிக்கிழமை வா. லேட்டாக வராதே. அம்மா கேட்கப் போகிறாள். பதில் சொல்ல நாம் இரண்டு பேரும் ஒரே பக்கம்தான் உட்கார வேண்டும்.

அப்பா